ஐம்பதில் ஒட்டிய சிவப்பு டேப்

என் தங்கை வீட்டுக்காரர் தன் பைக்கின் இன்ஜினில் பெரிய சிலிண்டர் போட ஆசைப்பட்டதற்குக் காரணம் என் தங்கை சொன்ன ஒரு பேச்சு. கல்யாணமான புதிதில் சொன்னது. சொன்னவள் மறந்திருப்பாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கேட்டவர் மறக்கவேயில்லை.

திருவிடந்தைக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் மாலை வாங்கிப் போவார்கள். பெருமாளுக்குச் சாத்தி எடுத்துக் கொடுப்பதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கோயிலைச் சுற்றிவிட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டி வைப்பார்கள். கல்யாணம் முடிந்ததும் புருஷனும் பெண்டாட்டியுமாக அந்தக் காய்ந்த மாலையை எடுத்துக்கொண்டு போய் அங்கே சேர்த்துவிட்டு வர வேண்டும். என் தங்கையின் மாலை எங்கள் வீட்டு ஆணியில் வெகுநாள் தொங்கி, பூவெல்லாம் உதிர்ந்து, நாரும் ஜரிகையுமாக மிஞ்சியிருந்தது. அதை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் அவருடைய பைக்கில் கிளம்பினார்கள்.

திருப்போரூரிலிருந்து நெம்மேலி போய், ஈசிஆரில் ஏறி வடக்கே திரும்பினால் திருவிடந்தை. போகும்போது ஒன்றும் தெரியவில்லை. திரும்பும்போதுதான் எதிரே தெற்கத்திக் காற்று. சித்திரை மாதத்து மத்தியானக் காற்று கடலோரத்தில் எப்படி அடிக்கும் என்று அந்த ரோட்டில் இரண்டு பேராக வண்டி ஓட்டினவர்களுக்குத் தெரியும். அவருடையது நூற்றைம்பது சிசி வண்டி, முன்னாலேயே யாரோ ஓட்டித் தேய்த்துவிட்டு விற்றது. டாப் கியரில் இழுக்கவில்லை. கியரைக் குறைத்தால் கத்தியது, நகரவில்லை. அப்போது ஒரு வயதானவர் ஸ்கூட்டரில், பின்னால் சம்சாரத்தையும் காலுக்கு நடுவே ஒரு கேஸ் சிலிண்டரையும் வைத்துக்கொண்டு, இவர்களை நிதானமாகத் தாண்டிப் போனார். என் தங்கை தன் வீட்டுக்காரர் காது பக்கம் குனிந்து கேட்டிருக்கிறாள்:

"இன்னாங்க, எறங்கி தள்ளட்டா?"

சாயந்திரம் எங்கள் வீட்டுக்கு வந்தவர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "அதுவரிக்கும் நான் இன்னா கேட்டாலும் 'ம்'தான் மச்சான். சாப்டியான்னா 'ம்'. தூங்கலையான்னா 'ம்'. மொதமொத வாயத் தொறந்தா. தொறந்ததும் இது வருது."

சிரிப்பு அடங்கியதும், "அதே ரோட்ல, அதே காத்துல, அவள பின்னால குந்த வெச்சிகினு எல்லாத்தையும் தாண்டிகினு ஒரு தபா போவணும். அப்போ கேக்கணும். 'இன்னாடி, இப்போ எறங்கறியா?'ன்னு" என்றார்.

அவ்வளவுதான் அவருடைய ஆசை. வேறு பெரிய ஆசைகள் அவருக்கு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

நான் பஸ் கண்டக்டர். செங்கல்பட்டுக்கும் திருப்போரூருக்கும் மாமல்லபுரத்துக்குமாக அலைகிறவன். நாள் முழுக்க ஜனங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே நிற்கிற வேலை. யார் எங்கே இறங்குகிறார்கள் என்பது மறந்துபோகும், என்ன பேசினார்கள் என்பது மறக்காது. எங்கள் வீட்டில் படித்தவர்கள் குறைவு, பேசத் தெரிந்தவர்கள் ஜாஸ்தி. அதில் முதல் இடம் என் தங்கைக்கு. அவள் வீட்டுக்காரர் மாமல்லபுரத்தில் ஒரு கல்பட்டறையில் மெஷின் போட்டுக் கல் அறுக்கிறவர். பட்டறை என்றால் ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு உளிச்சத்தம்தான் ஞாபகம் வரும். உள்ளே வேலை செய்கிறவர்களுக்கு மெஷின் சத்தமும் தூசியும். புருவம், காதுமடல், கழுத்துச் சங்கிலி எல்லாம் வெள்ளையாக வந்து வாசலில் நிற்பார். என் தங்கை உள்ளிருந்தே குரல் கொடுப்பாள்.

"ஒதறிட்டு வாங்க. இல்லன்னா செலன்னு நெனச்சி சாமி ரூம்ல வெச்சி கற்பூரம் ஏத்திடுவேன்."

அவர்கள் இரண்டே பேர் இருக்கிற வீடு அது. பேச்சுக்கு மட்டும் நான்கு குடும்பத்துக்குப் போதும்படி இருக்கும்.

ஒருநாள் மெட்ராஸிலிருந்து ஒரு பார்சல் வந்தது. பெரிய துளை போட்ட சிலிண்டர், அதற்கேற்ற பிஸ்டன், ரிங், ஒரு கேம். போர் கிட் என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "போர் போடப் போறீங்களாமே, தண்ணி நல்ல தண்ணியா வருமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஆனால் கிட்டைப் போட முடியவில்லை. இன்ஜினைப் பிரித்தால் ஒரு வாரமாவது வண்டி கடையில் நிற்க வேண்டும். வண்டி நின்றால் வேலைக்கு எப்படிப் போவது? பொங்கல் முடியட்டும் என்பார். பொங்கல் முடியும். மழை விடட்டும் என்பார். மழையும் விடும். பார்சல் பரண்மேல் பழைய வேட்டியில் சுற்றிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இறக்கி, பிஸ்டனைத் துடைத்து, எனக்குக் காட்டிவிட்டு மறுபடி சுற்றி வைப்பார். "கொழந்தய எடுத்து கொஞ்சிட்டு தொட்டில்ல போட்டாச்சு" என்பாள் என் தங்கை.

அப்புறம் இருமல் வந்தது.

முதலில் தூசி இருமல் என்றார். பிறகு மாடிப்படி ஏறும்போது நின்றார். பிறகு பேசிக்கொண்டிருக்கும்போதே நின்றார். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாராம். வெளியே வந்தவரிடம், "இன்னா சொன்னாரு மாப்ள?" என்றேன்.

"வேல செஞ்ச எடத்துல இருந்து கல்லு அள்ளிகினு வந்துட்டேனாம். நெஞ்சுக்குள்ள சேத்து வெச்சிகீறேன்."

சிரிக்கத்தான் பார்த்தார். பாதிச் சிரிப்பிலேயே மூச்சு வாங்கியது. இனிமேல் பட்டறைப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். உள்ளே இறுகினது இறுகினதுதான், இனி இளகாது என்பதையும் சொல்லியிருந்தார்கள். அதை என்னிடம் தனியாகச் சொன்னார்கள். நான் அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"வண்டிக்கு இப்போதான் லீவு கெடச்சிகீது மச்சான். போர் கிட்ட போட்ரலாம்."

வீட்டில் என் தங்கை கத்தினாள். "இவுருக்கே மூச்சு வாங்குது, இதுல மோட்டார் மாத்தறாராம். அத வெச்சி எந்த ரேசுக்குப் போவப் போறாரு?" கத்திவிட்டு, நான் செருப்பு மாட்டும்போது வாசல் வரைக்கும் வந்தாள். குரல் இறங்கியிருந்தது. "போட்டுக் குடுண்ணா. பரண் மேலயே கண்ணு போவுது அவுருக்கு."

திருப்போரூரில் செங்கல்பட்டு ரோட்டில் இருக்கிறது மெக்கானிக் கடை. நாங்கள் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. அந்த மெக்கானிக் பஞ்சர் பார்ப்பார், பிரேக் பார்ப்பார், ஆனால் செவ்வாயில் இன்ஜின் பிரிக்க மாட்டார். "செவ்வாயில தொறந்தா அது திரும்பவும் தொறக்க வெச்சிடும்ணாத்த. நாளிக்கு வா" என்று அனுப்பிவிட்டார். அடுத்த நாள் காலையில் நாங்கள் போவதற்கு முன்பே வண்டியிலிருந்து டாங்க்கைக் கழற்றி வைத்திருந்தார்.

என் மாப்பிள்ளை ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். பழைய சிலிண்டர் வெளியே வந்தது. அதன் உள்சுவரில் கீறல்கள். பழைய பிஸ்டனை ஒரு கையிலும் புதியதை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு எடை பார்ப்பது மாதிரி ஆட்டினார். எனக்கு இந்த சமாச்சாரம் எதுவும் தெரியாது.

"பிஸ்டன் பெருசுன்றது புரியுது. இந்தக் கேம்னா இன்னாண்ணாத்த?" என்று கேட்டேன்.

மெக்கானிக் அதைத் தூக்கிக் காட்டினார். ஒரு தண்டு, அதில் முட்டை வடிவத்தில் புடைப்புகள். "இந்த முட்டதான் சுத்தி வந்து வால்வ அமுக்கும். அமுக்கினா வால்வு தொறக்கும். பழசவிட இதுக்கு வயிறு கொஞ்சம் பெருசு. வால்வு நல்லா ஆழமா தொறக்கும், இன்னும் கொஞ்ச நேரம் தொறந்துகினே இருக்கும். அவ்ளோதான். இன்ஜின் மூச்ச நல்லா இழுத்து வுடும்."

சொல்லிவிட்டுத்தான் அவருக்கே உறைத்தது. கையில் இருந்த தண்டைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். என் மாப்பிள்ளைதான் பேச்சை எடுத்துக்கொடுத்தார்.

"அண்ணாத்த, அதே மாதிரி எனக்கு ஒண்ணு கெடைக்குமா?"

"உன் மாடலுக்கு பார்ட்ஸ் வர்றத நிறுத்திட்டாங்க தலீவா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். மெக்கானிக் சட்டென்று எழுந்து தெருக்குழாயில் போய் வெகுநேரம் கை கழுவினார்.

லேத் வேலை, கேஸ்கெட் என்று ஒரு வாரத்துக்கு மேலேயே ஆயிற்று. கடைசியில் வண்டிக்கு முன்னால் கற்பூரம் காட்டி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, உதைத்து ஸ்டார்ட் செய்தார்கள். நான் புலி மாதிரி உறுமும் என்று எதிர்பார்த்திருந்தேன். அது திக்கியது. நின்ற இடத்தில் சீராக ஓடாமல், கொஞ்சம் விட்டு, கொஞ்சம் பிடித்து, இப்போதே நின்றுவிடும் போல ஓடியது.

"இன்னாண்ணாத்த, பழசே தேவலாம் போலகீதே?" என்றேன்.

"இந்தக் கேம் மேல் சுத்துக்கு உண்டானது. கீழ இப்டித்தான் நொண்டும். வேகம் ஏறினாதான் அது முழிச்சிக்கும்." சொல்லிக்கொண்டே சிவப்பு இன்சுலேஷன் டேப்பை மெல்லிசாகக் கிழித்து, ஸ்பீடோமீட்டர் கண்ணாடிமேல் ஐம்பதில் ஒட்டினார். "ஆயிரம் கிலோமீட்டர் ஓடற வரிக்கும் முள்ளு இத்த தாண்டக் கூடாது. புது பிஸ்டன், புது சிலிண்டர். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பழகணும். ஆரம்பத்துல கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி ஆற வுடு. அவசரப்பட்டு முறுக்கினா உள்ள புடிச்சிக்கும். அப்புறம் செவ்வாயின்னாலும் சரி வெள்ளியின்னாலும் சரி, என்னாண்ட வராத."

பழைய சாமான்களை ஒரு பையில் போட்டுக் கையில் கொடுத்தார். எதை மாற்றினோம் என்று ஆள் பார்த்துக்கொள்ள வேண்டும், அது கடை வழக்கம்.

மாப்பிள்ளையால் வண்டியைப் பிடித்து நிறுத்தக்கூட முடியவில்லை. "ஓட்டி பழக்கிக் குடு மச்சான். ஆயிரம் முடிஞ்சதும் நான் ஓட்டிக்கறேன். அந்த ஒரு நாளிக்கு எனக்குத் தெம்பு வந்துடும். அவ பின்னால குந்திகினு வருவா" என்றார்.

எனக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் டியூட்டி. டியூட்டி இல்லாத நாளில் காலை வெயிலுக்கு முன்னால் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்புவேன். நெம்மேலி ரோடு, ஈசிஆர், திருவிடந்தை வரைக்கும் வடக்கே, அப்புறம் மாமல்லபுரம் வரைக்கும் தெற்கே, பூஞ்சேரி சுற்றி வீடு. முள்ளு டேப்பைத் தொடாமல். அந்த வேகத்தில் அந்த ரோட்டில் போவது ஒரு அனுபவம்தான். கார்கள் ஹாரன் அடித்தன. ஷேர் ஆட்டோக்கள் தாண்டின. விடுமுறை நாள்களில் கலர் கலராக உடுப்பு மாட்டிக்கொண்டு மெட்ராஸிலிருந்து சைக்கிளில் வருகிறவர்கள் இருக்கிறார்களே, சாய்வான இடத்தில் அவர்களில் ஒருவர் எங்களைத் தாண்டிவிட்டார்.

"பார்றா! பெட்ரோலே ஊத்தாம போறான்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "இத்த மட்டும் அவளாண்ட சொல்லிடாத மச்சான்."

வீட்டுக்கு வந்ததும் அவரேதான் முதலில் அவளிடம் சொன்னார்.

நிறுத்தி ஆறவிடுவது அவருக்குச் சௌகரியமாகப் போயிற்று. கொஞ்ச தூரம் போனதும் அவருக்கு மூச்சு முட்டும். நான் ஓரங்கட்டுவேன். நெம்மேலி ரோட்டில் உப்பங்கழியைக் கடக்கிற கழிவெளிப் பாலத்துக் கட்டை, ஈசிஆரில் ஒரு சவுக்குத் தோப்பு, அங்கே இளநீர்க்காரர் நிழல். அவர் கட்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பார். யாராவது வண்டியை நிறுத்தி, "இன்னா ஆச்சுண்ணா, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டால் கையை வண்டிப் பக்கம் காட்டுவார். "புது இன்ஜினுப்பா. ஆற வுட்டுக்கினு கீறோம்."

நாள் போகப் போக இன்ஜினுக்கு ஓய்வு தேவைப்படவில்லை. மெக்கானிக்கே இனி நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் நாங்கள் நிறுத்திக்கொண்டுதான் இருந்தோம், முன்னைவிட அடிக்கடி. ஒருநாள் சவுக்குத் தோப்பில் நின்று வெகுநேரமாயிற்று. நான் சும்மா சிலிண்டர்மேல் கையை வைத்தேன். குளிர்ந்திருந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னும் சூடு கீது இல்ல மச்சான்?"

"ஆமா மாப்ள. கொஞ்சம் கீது. இருப்போம்" என்றேன்.

முதல் ஆயில் மாற்றும்போதும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். வடிந்த ஆயிலை மெக்கானிக் தட்டில் பிடித்து வெயிலில் சாய்த்தார். கருப்புக்குள் வெள்ளித்தூள் மாதிரி மினுமினுத்தது. நான் பயந்துவிட்டேன். "பயப்படாதண்ணாத்த. புதுசுல இப்டித்தான் பொடி உதுரும். ரெண்டு தடவ ஆயில் மாத்தினா எல்லாம் வெளிய வந்துடும். அப்புறம் கண்ணாடி மாதிரி ஓடும்."

மாப்பிள்ளை விரலை அந்த ஆயிலில் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். அவர் வாழ்நாள் முழுக்கப் பொடியோடு இருந்தவர். கல்லின் பொடியும் வெயிலில் இப்படித்தான் மின்னும். "வடிக்கறதுக்கு அடியில ஒரு நெட்டு வெச்சிகீறான் பாரு இதுக்கு" என்றார்.

அடுத்த சுற்றில் வீடு திரும்பும் வழியில் பூஞ்சேரி தாண்டி ரோடு காலியாக இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "மாப்ள, ஒரே ஒரு தபா முறுக்கட்டா? கேம் எப்படி முழிச்சிக்குதுன்னு நீயும் பாத்துடு. மெக்கானிக்காண்ட சொல்ல வேணாம்."

அவர் என் ஹெல்மெட்டில் தட்டினார். பலமில்லாத தட்டு. "டேப்ப தாண்டாத. பாதில முறுக்கி உள்ள புடிச்சிகிச்சின்னா, நான் அவள வெச்சிகினு போற அன்னிக்கு நடுரோட்ல நிக்கும். அப்போ மெய்யாலுமே எறங்கி தள்ளுவா. மானம் போயிடும்."

நான் முறுக்கவில்லை. அவர் சொன்ன மாதிரியே முள்ளு டேப்புக்கு இந்தப் பக்கமே இருந்தது. வண்டி நொண்டிக்கொண்டே வீடு வந்தது.

மாசி முடிவதற்குள் அவரால் பின்னாலும் உட்கார முடியாமல் போயிற்று. வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் வந்தது. மூக்கில் குழாய், மூலையில் இரைச்சல். "இதுக்கும் இன்ஜினு மாதிரி டாப்பெட் சத்தம் வருது, ஒருநாள் தொறந்து பாக்கணும்" என்பார். நான் தனியாக ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து வாசலில் வண்டியை நிறுத்துவேன். உடனே அணைக்கக் கூடாது. கட்டிலில் சாய்ந்தபடி கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்பார். உள்ளே மெஷின் சத்தம், வெளியே வண்டியின் திக்கல். இரண்டுக்கும் நடுவில் என் தங்கை கஞ்சிக் கிண்ணத்தோடு நிற்பாள்.

"நொண்டறது கொறஞ்சிகீது" என்பார். குறையவில்லை. "ஆமா" என்பாள் அவள்.

"இன்னும் எவ்ளோ கீது மச்சான்?" என்று ஒருநாள் கேட்டார்.

"கொஞ்சம்தான். நாளன்னிக்கு லீவு. ரெண்டு சுத்துல முடிஞ்சிடும்."

"முடிச்சிடு. தெக்கத்திக் காத்து ஆரம்பிச்சிகீது. ஜன்னல்ல தெரியுது." பிறகு அவளைப் பார்த்து, "இன்னாடி, குந்தி வர்றியா?" என்றார். அவள், "நான் ஹெல்மெட்டெல்லாம் மாட்ட மாட்டேன், பூ கசங்கிடும்" என்றாள். அவர் சிரித்தார். மூச்சைச் செலவழிக்காமல் கண்ணால் மட்டும் சிரிக்க அதற்குள் பழகியிருந்தார்.

அடுத்த நாள் காலையில் நான் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் இருந்தேன். கையில் டிக்கெட் மெஷின், வாயில் விசில். போன் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்தான் பேசினார். நான் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டிருக்கிறேன். என் மூச்சு விசிலில் பட்டுச் சின்னதாகச் சத்தம் வந்துகொண்டே இருந்ததாக டிரைவர் அப்புறம் சொன்னார். புறப்படச் சொல்கிறேன் என்று நினைத்து அவர் வண்டியை நகர்த்தப் பார்த்தாராம்.

காரியம் முடிந்தது. ஆக்சிஜன் மெஷினை வந்து எடுத்துப் போனார்கள். பைக்கை ஒரு பழைய போர்வை போட்டு மூடி வைத்தோம். என் தங்கை பழைய சாமான் பையைப் பிரித்து, தேய்ந்த பிஸ்டனை எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, அவர் படத்துக்கு முன்னால் கவிழ்த்து வைத்து, அதில் இருக்கிற துளைகளில் ஊதுபத்தி சொருகினாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வந்தவர்கள் இது என்ன ஸ்டாண்டு, புதுசாக இருக்கிறதே என்று கேட்டார்கள்.

முன்பு ஒரு தடவை, மாமல்லபுரத்தில் என் பஸ்ஸில் மீன் கூடையோடு ஏறிய ஒரு அம்மா பக்கத்து சீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டு வந்தது என் காதில் விழுந்தது. "அந்தாளு கொறட்டையால நாப்பது வருசம் தூக்கமில்ல. இப்போ வூடே கம்முனு கீது. இப்பவும் தூக்கமில்ல." அப்போது சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்த மெஷின் போன பிறகு தங்கை வீட்டில் போய் உட்கார்ந்தபோதுதான் அந்த அம்மா என்ன சொன்னார் என்று எனக்குப் புரிந்தது. குக்கர் விசிலுக்கு இருவருமே திடுக்கிட்டோம்.

ஒருநாள் அவளே கேட்டாள். "அண்ணா, அந்த வண்டி... ஆயிரம் முடிஞ்சிடுச்சா?"

"கொஞ்சம் பாக்கி."

"ஓட்டி முடிச்சிடு. அரகொறையா நின்னா அவுருக்குப் புடிக்காது."

ஓட்டினேன். அதே ரோடு, அதே ஐம்பது. நிறுத்தத் தேவையில்லாத இடங்களில் நிறுத்தினேன். சவுக்குத் தோப்பில் இளநீர்க்காரர், "எங்கண்ணா, பின்னால வர்றவரக் காணோம்?" என்றார். நான் சொன்னேன். அவர் அருவாளைக் கீழே வைத்துவிட்டு, "இன்ஜினு ஆறிடுச்சாண்ணா?" என்று மட்டும் கேட்டார். அவருக்கு முன்னாலேயே எல்லாம் தெரிந்திருந்தது போல.

மெக்கானிக் மீட்டரைப் பார்த்துவிட்டு, ஆயில் மாற்றி, வால்வு இடைவெளி பார்த்து மூடினார். இந்தத் தடவை வடிந்த ஆயிலில் மினுமினுப்பு இல்லை. டேப்பை நகத்தால் சுரண்டி எடுத்தார். கண்ணாடி முழுக்க வெயிலில் மங்கி, டேப் இருந்த இடம் மட்டும் தெளிவாக ஒரு கோடு.

"யாரு ஓட்டப் போறது?" என்றார்.

"நான்தான்."

"பின்னால?"

நான் சாவியை வாங்கிக்கொண்டேன். "மெதுவா ஏத்து. டபக்குனு முறுக்காத" என்றார். கற்பூரம் காட்டவில்லை.

என் தங்கை வருவாள் என்று நான் நினைக்கவில்லை. சித்திரை மத்தியானம், வெயில் தாழ்ந்த நேரம். போர்வையை எடுத்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் வீட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு வந்து, அவருடைய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். தலையில் பூ இல்லை. "போலாம்" என்றாள்.

கோயில் வரைக்கும் வடக்கே போனோம். வாசலில் மாலைக் கடைகள் இருந்தன. யாரோ ஒரு பெண் கழுத்தில் மாலையோடு, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். நாங்கள் உள்ளே போகவில்லை. வண்டியைத் தெற்கே திருப்பினேன்.

காற்று நேரே முகத்தில் வந்தது. ஐம்பது வரைக்கும் வண்டி வழக்கம் போலத் திக்கியது. அதற்கு மேல் மெதுவாக முறுக்கினேன். அறுபதைத் தாண்டியபோது வண்டிக்குள் என்னமோ மாறியது. திக்கல் நின்றது. பல குரலில் பேசிக்கொண்டிருந்த கூட்டம் சட்டென்று ஒரே குரலில் பாட ஆரம்பித்த மாதிரி. வண்டி என்னைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு முன்னால் போயிற்று. ஒரு ஸ்கூட்டரைத் தாண்டினோம், ஒரு ஷேர் ஆட்டோவை, ஒரு காரை. எதிர்க்காற்று என்று ஒன்று இருப்பதே அந்த வண்டிக்குத் தெரியவில்லை. அவர் அத்தனை நாள் கேட்டது அந்த நொண்டல் மட்டும்தான். இந்தச் சத்தம் அவர் காதில் விழவேயில்லை.

என் தோளில் இருந்த என் தங்கையின் கை இறுகியது. அந்தச் சவுக்குத் தோப்பு வந்ததும் நானே நிறுத்தினேன். அவள் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, வண்டியின் முன்னால் வந்து நின்று பார்த்தாள்.

"சொன்ன மாதிரியே இழுக்குதுண்ணா" என்றாள். "நான்தான் நம்பல. சும்மா சொல்றாருன்னு நெனச்சேன்."

அப்புறம் அழுதாள். நான் வண்டியின் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். இளநீர்க்காரர் கடையை விட்டுக் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றார். இன்ஜின் சூடு ஆறும்போது உலோகம் டிக் டிக் என்று சத்தம் போடும், அது கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தமும் நின்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் முகத்தைத் துடைத்தாள்.

"வூட்டுக்குப் போறப்ப மெதுவா போ. அவுரு போன மாதிரி."

ஐம்பதில் போனேன். டேப் இல்லாத மீட்டரில் அந்தத் தெளிவான கோட்டுக்கு முள்ளு ஏறாமல் பார்த்துக்கொண்டேன். வண்டி மறுபடி திக்க ஆரம்பித்தது. எங்களை எல்லாரும் தாண்டினார்கள். நெம்மேலி ரோட்டில் திரும்பிக் கழிவெளிப் பாலம் வரும்போது காற்று பக்கவாட்டில் அடித்து வண்டி இன்னும் கொஞ்சம் துவண்டது. ஒரு பழைய ஸ்கூட்டர் எங்களைத் தாண்டி, நிதானமாக முன்னால் போயிற்று.

அப்போது பின்னாலிருந்து, காதுக்குப் பக்கத்தில், மெல்லிசாகக் கேட்டது.

"இன்னாங்க, எறங்கி தள்ளட்டா?"

என்னிடம் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கியரையும் மாற்றவில்லை. அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தேன்.